எந்தத் தேதியின் வரிசை?

நிலம் வாங்கப் போகிறவரிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?" என்பது. விலை, தண்ணீர், பாதை வசதி எல்லாம் அதற்குப் பிறகுதான். சார் பதிவாளர் அலுவலகம் தரும் வில்லங்கச் சான்று ஒரு பட்டியல். ஒரு சொத்தை எந்தக் காலத்தில் யார் யாருக்கு விற்றார், யார் அடமானம் வைத்தார், அடமானம் எப்போது தீர்ந்தது, பாகப்பிரிவினை எந்த ஆண்டு நடந்தது என்று அது ஒவ்வொன்றாகச் சொல்லும். அடமானம் முதலில் வந்து, அடமான ரசீது பிறகு வந்தால் கடன் தீர்ந்தது என்று பொருள். ரசீதுக்குக் கீழே இன்னொரு அடமானம் நின்றால் கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது. வரிசை மாறினால் தீர்ப்பு மாறிவிடும்.

முன்பு அந்த வரிசையைக் காகிதமும் சட்டமும் சேர்ந்து காத்தன. இன்று தரவுத்தளம் காக்கிறது. காகிதம் கேட்காமலே தந்த ஒன்றைத் தரவுத்தளம் கேட்டால்தான் தரும். கேட்பதையும் சரியாகக் கேட்க வேண்டும். "தேதி வாரியாக வரிசைப்படுத்து" என்று கணினிக்கு ஒரு வரியில் கட்டளை எழுதுபவர், நூறாண்டுகளாக ஓர் அலுவலகமே சேர்ந்து செய்த வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அன்று: சட்டமே வரிசை

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை ஒரு தகவல் ஏற்பாடாக வாசித்தால் வியப்பு ஏற்படும். 51ஆம் பிரிவு, எந்த வகை ஆவணம் எந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று பிரிக்கிறது. உயில் நீங்கலாக, அசையாச் சொத்து பற்றிய ஆவணங்கள் எல்லாம் முதல் புத்தகத்தில் ஏறும். 52ஆம் பிரிவு, ஆவணம் தாக்கல் ஆன நாளையும் மணியையும் இடத்தையும் அதன்மீதே எழுதச் சொல்கிறது. பதிவுக்கு ஏற்கப்பட்ட ஆவணங்களை, ஏற்கப்பட்ட வரிசையிலேயே புத்தகத்தில் நகலெடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவின் கட்டளை. 53ஆம் பிரிவின்படி பதிவுகளுக்குத் தொடர் எண் உண்டு; அந்தத் தொடர் ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடியும்.

இந்த ஏற்பாட்டில் யாரும் எதையும் பின்னர் எடுத்து அடுக்க வேண்டியதில்லை. பக்கம் 45க்குப் பிறகு 46தான் வரும். ஒருவர் முந்தி வந்து பதிந்தார் என்றால், அவருடைய பத்திரம் முந்தைய பக்கத்தில் மையால் எழுதப்பட்டிருக்கும். இடையில் ஒன்றைச் செருக இடம் கிடையாது. பழைய பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில் "1 புத்தகம்" என்று தொடங்கி ஆண்டு, தொகுதி, பக்கங்கள், ஆவண எண் என்று முத்திரையோடு எழுதியிருப்பார்கள். காலத்தில் அந்த ஆவணம் நிற்கும் இடத்தை அந்த ஒரு வரி காட்டிவிடும்.

காலவரிசையில் எழுதிவைத்தால் மட்டும் தேடும் வேலை நடக்காது. ஒரு கிராமத்துச் சர்வே எண் ஒன்றின் வரலாறு வேண்டும் என்றால் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்ட முடியாது. அதற்காக 54, 55ஆம் பிரிவுகள் அட்டவணைகளைக் கேட்கின்றன. முதல் அட்டவணை ஆட்களின் பெயரை வைத்து: எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர். இரண்டாம் அட்டவணை சொத்தின் விவரத்தை வைத்து. ஆவணம் புத்தகத்தில் ஏறியவுடனே, முடிந்தவரை உடனுக்குடன், அட்டவணையிலும் ஏற வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறது. அப்படி எழுதும்போது ஒரு சொத்தின்கீழ் வரும் பதிவுகள் தாமாகவே காலவரிசையில் அமைந்துவிடுகின்றன.

முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் கேட்டால், ஆண்டுக்கு ஆண்டு தனித்தனியாக இருக்கும் அட்டவணைகளை எழுத்தர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். கிடைத்தவற்றைத் தாளில் எழுதிக்கொண்டே வருவார். தேடும் பாதையே காலத்தின் பாதை என்பதால் எழுதப்படும் பட்டியலும் காலவரிசையில்தான் இருக்கும். பதிவுகள் இருந்தால் படிவம் 15, ஒன்றுமே இல்லையென்றால் படிவம் 16. அந்தப் படிவத்தின் அடியில் இரண்டு கையெழுத்துகளுக்கு இடம் உண்டு: தேடிச் சான்று தயாரித்தவர் ஒருவர், தேடலைச் சரிபார்த்தவர் மற்றொருவர். ஒரு கண் தவறினால் மறு கண் பிடிக்கட்டும் என்ற ஏற்பாடு அது.

இந்த முறையை நான் கொண்டாடவில்லை. சான்று கைக்கு வர நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏடுகள் கிழிந்தன, கரையான் அரித்தது. கையெழுத்து புரியாத இடத்தில் சர்வே எண் தவறிப்போனது. வெளியூரில் இருப்பவர் ஆள் வைத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் வரிசை என்ற ஒன்றில் அந்த முறை தவறுவது மிக அரிது. ஏனென்றால் வரிசை யாருடைய நினைவையும் நம்பி இல்லை. எழுதும் செயலிலேயே அது பிறந்தது.

ஆண்டுக்குப் பெயர் இருந்த காலம்

அன்றைய ஆவணங்களில் வேறொரு சிக்கல் உண்டு. பழைய பத்திரங்களில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் வருடமும் மாதமும் இருக்கும். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது. பிரபவ 1867இல் வந்தது, 1927இல் வந்தது, 1987இலும் வந்தது. "பிரபவ வருஷம் தை மாதம்" என்று மட்டும் ஓர் ஓலையோ துண்டுச் சீட்டோ சொன்னால், அது பாட்டன் காலத்ததா பேரன் காலத்ததா என்று வேறு சான்று கொண்டுதான் தீர்மானிக்க முடியும். பெயர்களை அகரவரிசையில் அடுக்கினாலோ, சுழற்சியின் அறுபதாவதான அட்சய முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

வருவாய்த் துறைக் கணக்குகள் பசலி ஆண்டில் ஓடுகின்றன. ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும் ஆண்டு அது. பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. 2024 மார்ச்சில் நடந்த ஒன்று 1433இல் சேரும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த கன்னியாகுமரிப் பகுதியின் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். அது ஆவணி வாக்கில் பிறக்கும். ஒரே நிலத்தின் வரலாற்றை எழுத மூன்று நாட்காட்டிகள் தேவைப்படும் ஊர்கள் நம்மிடம் உண்டு. அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் கணக்கு பத்திர எழுத்தர்களின் விரல் நுனியில் இருந்தது.

சுழன்று வரும் ஆண்டின் ஆபத்தை உலகம் 1990களின் இறுதியில் தெரிந்துகொண்டது. இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் சேமித்த நிரல்களுக்கு, 2000ஆம் ஆண்டு வெறும் 00. வரிசைப்படுத்தினால் 00 என்பது 99க்கு முன்னால் போய் நிற்கும்; புதிய ரசீது எல்லாவற்றிலும் பழையதாகிவிடும். அதைத் திருத்தும் வேலைதான் சென்னை, பெங்களூரு மென்பொருள் நிறுவனங்களுக்கு அப்போது பெரிய வாய்ப்பாக வந்தது. நம் பொறியாளர்கள் பலர் முதன்முதலில் விமானம் ஏறியது அதற்காகத்தான். பிரபவ அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். இரண்டிலக்க ஆண்டு நூறு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். நோய் ஒன்றே. சுழற்சியில் முன் எது, பின் எது என்று கேட்க முடியாது.

அட்டையும் நாடாவும்

இயந்திரம் தேதியை வரிசைப்படுத்தக் கற்றுக்கொண்டது துளை அட்டையில். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் அமைத்த இயந்திரங்களிலிருந்து அந்த மரபு தொடங்குகிறது. அதன் வழியில் 1955இல் வந்த ஐபிஎம் 083 என்ற வரிசைப்படுத்தி, நிமிடத்துக்கு 1,000 அட்டைகளைப் பிரிக்கும். ஆனால் ஒரு தடவையில் ஒரு பத்தியை மட்டுமே பார்க்கும். ஆறு இலக்கத் தேதி என்றால் அட்டைக் கட்டு ஆறு முறை இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். அதுவும் தலைகீழாக: முதலில் நாளின் ஒற்றை இலக்கம், பிறகு பத்தாம் இலக்கம், பிறகு மாதம், கடைசியில்தான் ஆண்டு. 10,000 அட்டைகளுக்கு ஓடும் நேரம் மட்டும் ஒரு மணி. தேதியில் எது பெரிய இலக்கம், எது சிறிய இலக்கம் என்று அந்த இயந்திரத்தின்முன் நின்றவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு காந்த நாடா வந்தது. நினைவகத்தில் அடங்காத தரவைச் சிறுசிறு பகுதிகளாக வரிசைப்படுத்தி நாடாவில் எழுதி, இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போவார்கள். இந்த இணைப்பு முறையை ஜான் வான் நாய்மன் 1945இலேயே கணினிக்காக எழுதியிருந்தார். 1960களில் கணினிகளின் இயங்கு நேரத்தில் கால் பங்குக்கு மேல் வரிசைப்படுத்துவதிலேயே கழிந்தது என்று கணினித் தயாரிப்பாளர்கள் கணித்ததாக, கணினி நிரலாக்கம் பற்றிய தம் நூலின், 1973இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில் கணினி அறிஞர் டொனால்ட் கனூத் பதிந்திருக்கிறார். வரிசை என்பது அவ்வளவு விலையுயர்ந்த பொருளாக இருந்தது. அதனால் எந்த வரிசை வேண்டும் என்பதை யோசித்துத்தான் கேட்டார்கள்.

நம் ஊருக்குக் கணினி பரவலாக வந்தபோது அதோடு வந்தவை டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள மென்பொருள்கள். 1980களிலும் 90களிலும் பேருந்து நிலையம் அருகே மாடியில் நடந்த பயிற்சி மையங்களில் படித்தவர்களுக்கு அந்தக் கட்டளைகள் இன்றும் நினைவிருக்கும். அங்கேதான் தேதியின் தொல்லை வீட்டு வாசலுக்கு வந்தது. ஊர்ப் பெயரையும் தேதியையும் சேர்த்து அடுக்க வேண்டும் என்றால், தேதியை எழுத்தாக மாற்றிப் பெயரோடு ஒட்ட வேண்டும். டிடிஓசி என்ற கட்டளையால் மாற்றினால் திரையில் தெரியும் வடிவமே எழுத்தாகும். அதன் முதலில் நாளோ மாதமோ நிற்கும். அப்படி அடுக்கினால் 05-03-2001 முதலில் வரும், 07-11-1998 அடுத்து, 12-01-1999 கடைசியில். எழுத்துக்கு இடமிருந்து வலமாகத்தான் முதன்மை. பின்னர் வந்த டிடிஓஎஸ் என்ற கட்டளை, ஆண்டு, மாதம், நாள் என்று திருப்பி எழுதித் தந்தது. ஒரு கட்டளையில் ஓர் எழுத்து மாறியது, பட்டியல் நேரானது.

1988இல் ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் இதையே விதியாக்கியது: ஆண்டு முதலில் நான்கு இலக்கத்தில், அடுத்து மாதம், அடுத்து நாள். எழுத்தாக அடுக்கினாலும் காலமாக அடுக்கினாலும் ஒரே வரிசை வரும் வடிவம் அது. நாம் பேச்சிலும் பத்திரத்திலும் நாளை முதலில் சொல்கிறோம். அதை மாற்ற வேண்டியதில்லை. கண்ணுக்குக் காட்டும் வடிவம் வேறு, உள்ளே சேமிக்கும் வடிவம் வேறு என்று பிரித்துக்கொண்டால் போதும். இந்தப் பிரிவினையைச் செய்யாத கோப்புகள் இன்றும் அலுவலகங்களில் இருக்கின்றன. நம் கைபேசிகள் எல்லாவற்றிலும் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் தேதிக்கெனத் தனி வகையே கிடையாது. எழுத்தாகவோ எண்ணாகவோ வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வரிசை இல்லாத உலகம்

உண்மையான மாற்றம் 1970இல் நடந்தது. ஐபிஎம்மில் பணியாற்றிய எட்கர் காட், தரவை எப்படிச் சேமிக்கிறோம் என்பதிலிருந்து தரவு என்ன சொல்கிறது என்பதைப் பிரித்தெடுத்தார். அவருடைய உறவுமுறைக் கோட்பாட்டில் ஓர் அட்டவணை என்பது கணிதத் தொகுப்பு. தொகுப்புக்கு உறுப்புகள் உண்டு, முன்பின் கிடையாது. கூடையில் கொட்டிய மல்லிகை போல. தொடுத்த பிறகுதான் எது முதல் பூ என்ற கேள்வி வரும். 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு வினவல் மொழியை வடித்தார்கள். இன்று எஸ்க்யூஎல் என்று வழங்கும் அந்த மொழியில், தொடுக்கும் வேலையைச் செய்வது "ஆர்டர் பை" என்ற தொடர். அதை எழுதாவிட்டால் வரும் விடைக்கு எந்த வரிசையும் உறுதியில்லை.

இதுதான் பதிவுப் புத்தகத்துக்கும் தரவுத்தளத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. புத்தகத்தில் முந்தி எழுதியது முந்தி இருக்கும். தரவுத்தளத்தில் முந்தி சேர்த்தது எங்கே இருக்கும் என்று யாரும் வாக்குத் தரவில்லை.

ஆனால் பலர் வாக்குத் தந்ததாகவே நம்பினார்கள். சிறிய அட்டவணைகளில், சேர்த்த வரிசையிலேயே விடை வருவது வழக்கமாக இருந்ததால் கேட்காமலே விட்டார்கள். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் நீண்ட காலம், தொகுத்துக் கணக்கிடும் வினவல்களின் விடையைத் தானாகவே வரிசைப்படுத்தித் தந்தது; 2018இல் வந்த 8.0 பதிப்பில் அந்தப் பழக்கத்தை நிறுத்திக்கொண்டது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் 2000 பதிப்பில், பார்வை எனப்படும் சேமித்த வினவலுக்குள் ஒரு தந்திரம் வைத்துச் சிலர் வரிசையைப் பிடித்து வைத்திருந்தார்கள்; 2005 பதிப்பு அந்தத் தந்திரத்தைக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு இடத்திலும் மென்பொருள் தவறு செய்யவில்லை. கேட்காத வரிசை கிடைத்துக்கொண்டிருந்தது, ஒரு நாள் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இன்று: நிமிடங்களில் ஒரு சான்று

தமிழ்நாடு பதிவுத் துறை 2000இல் ஸ்டார் என்ற திட்டத்தோடு கணினிக்குள் நுழைந்தது. 2018இல் ஸ்டார் 2.0 வந்தது. இன்று பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. மாவட்டம், சார் பதிவகம், கிராமம், சர்வே எண், காலம் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டியல் திரைக்கு வருகிறது. முப்பது ஆண்டு ஏடுகளைப் புரட்டிய உழைப்பு ஒரு வினவலுக்குள் அடங்கிவிட்டது. துபாயில் வேலை பார்க்கும் மகன் திருநெல்வேலியில் அப்பா வாங்கும் மனைக்கு அங்கிருந்தே வில்லங்கம் பார்க்கிறார். இது மக்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை. இதைச் சிறிதாக்கிப் பேசுவது நியாயமில்லை.

இத்தகைய வேகம் எங்கிருந்து வருகிறது? 1970இல் போயிங் நிறுவனத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் வடித்த பி-மரம் என்ற அமைப்பிலிருந்து. தரவின் ஒரு பகுதியை எப்போதும் வரிசையிலேயே வைத்திருக்கும் தேடல் அட்டவணை அது. கிராமம், சர்வே எண், தேதி என்ற மூன்றையும் சேர்த்து அப்படி ஓர் அட்டவணை அமைத்தால், ஒரு சொத்தின் பதிவுகள் எல்லாம் அருகருகே, ஏற்கெனவே காலவரிசையில் இருக்கும். தனியாக வரிசைப்படுத்தும் வேலையே மிச்சம். யோசித்துப் பார்த்தால் 1908ஆம் ஆண்டுச் சட்டம் கேட்ட இரண்டாம் அட்டவணையும் இதே வேலையைத்தான் செய்தது. அட்டவணை இல்லாமல் பெரிய பட்டியலை அடுக்கச் சொன்னால், இன்றைய தரவுத்தளமும் பகுதி பகுதியாக வட்டில் எழுதி இணைக்கிறது. நாடாக் காலத்து முறை அப்படியே உள்ளே ஓடுகிறது.

கவனம் தேவைப்படும் இடங்கள் இனி வருபவை.

ஆவண எண்ணை எடுத்துக்கொள்வோம். எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், 1998இன் 1024ஆம் ஆவணம் 1999இன் 987ஆம் ஆவணத்துக்கு முந்தியது. எண்ணை மட்டும் வைத்து அடுக்கினால் இது தலைகீழாகும். "987/1998", "1024/1998" என்று எழுத்தாகச் சேமித்து அடுக்கினாலோ ஒரே ஆண்டுக்குள்ளேயே 1024 முன்னால் போய்விடும். ஏனென்றால் எழுத்தாகப் பார்த்தால் 1 என்பது 9க்கு முன்.

ஒரே நாளில் பதிந்தவை அடுத்த சிக்கல். முகூர்த்த நாளில் அலுவலகத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நூறு ஆவணங்களுக்கு ஒரே தேதி என்றால், தேதியை மட்டும் வைத்து அடுக்கும் வினவல் அந்த நூறுக்குள் எந்த வரிசையையும் உறுதி செய்யாது. பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்டும்போது இது ஆபத்தாகிறது. முதல் பக்கத்துக்கு ஒரு முறை, இரண்டாம் பக்கத்துக்கு ஒரு முறை என வினவல் தனித்தனியாக ஓடும். இரண்டு முறையும் உள்வரிசை மாறி வந்தால், ஒரு பதிவு இரண்டு பக்கத்திலும் தெரியும், இன்னொன்று எந்தப் பக்கத்திலும் தெரியாது. கடைப் பொருள்களின் பட்டியலில் இது பெரிய நட்டமில்லை. வில்லங்கத்தில் தெரியாமல் போன அந்த ஒன்று ஓர் அடமானமாக இருந்தால், குடும்பத்தின் சேமிப்பு போய்விடும். தேதிக்குப் பிறகு ஆண்டையும் ஆவண எண்ணையும் துணை வரிசையாகச் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். நிரலாளர் எழுத வேண்டியது இன்னும் இரண்டு சொல்.

தேதியே இல்லாத பதிவுகளும் உண்டு. பழைய ஏடு பார்த்துத் தட்டச்சு செய்யும்போது, மை மங்கிய இடத்தில் நாள் விடுபடலாம். வெறுமையான தேதியை எங்கே வைப்பது என்பதில் தரவுத்தளங்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஏறுவரிசையில் ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் அதைக் கடைசியில் வைக்கும். மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூஎல் சர்வரும் முதலில் வைக்கும். வெறுமையை விடப் பொய்யான தேதி இன்னும் மோசம். கணினிகள் பலவற்றில் காலம் 1970 ஜனவரி 1இலிருந்து விநாடிகளாக எண்ணப்படுவதால், மதிப்பு இல்லாத இடத்தில் 01-01-1970 என்று வந்து நிற்பது வழக்கம்; வேறு சில ஏற்பாடுகளில் 01-01-1900. நிலப் பதிவில் அந்தத் தேதிகளைப் பார்த்தால், அது நடந்த நாளா நிரப்பாத கட்டமா என்று சந்தேகப்பட வேண்டும். 1970க்கு முந்தைய பத்திரங்கள் நிறைய உள்ள துறையில் இந்தச் சந்தேகம் கூடுதலாகவே தேவை.

நள்ளிரவும் ஓர் எல்லைக் கோடு. பல கணினிகள் உலகப் பொது நேரத்தில் பதிந்துகொள்கின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். அலுவலக நேரத்தில் நடக்கும் பதிவுக்கு இதனால் பாதிப்பில்லை. நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் இணையத்தில் கட்டிய கட்டணமும் போட்ட விண்ணப்பமும், நேரத்தை மாற்றிக் கணக்கிடாத பட்டியலில் முந்தைய நாளின் கீழ் போய் விழும்.

மூன்று தேதிகள்

இவை எல்லாம் கைத்திறத்தால் தீரக்கூடியவை. தீராத கேள்வி ஒன்று உண்டு: எந்தத் தேதி?

வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று தேதிகள் உள்ளன: எழுதிக் கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள். பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே இருக்கும். எப்போதும் அல்ல. எழுதிக் கொடுத்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் தாக்கல் செய்யலாம் என்று 23ஆம் பிரிவு இடம் தருகிறது. பதிவான ஆவணம் எப்போதிலிருந்து செல்லும் என்பதற்கு 47ஆம் பிரிவு விடை சொல்கிறது: பதிவே தேவையில்லை என்றிருந்தால் எந்த நாளிலிருந்து செல்லுமோ அந்த நாளிலிருந்து, பதிவு நாளிலிருந்து அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் தன் மனையை மார்ச் 5இல் ஒருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பத்திரம் ஜூன் 20இல்தான் தாக்கலாகிப் பதிவாகிறது. இடையில் ஏப்ரல் 10இல் அதே மனையை இன்னொருவருக்கு எழுதி, அன்றே பதிந்துவிடுகிறார். பதிவு நாளை வைத்து அடுக்கினால் ஏப்ரல் பத்திரம் முதலில் நிற்கும். பார்ப்பவர் அதைத்தான் மூத்தது என்று எண்ணுவார். எழுதிக் கொடுத்த நாளை வைத்து அடுக்கினால் மார்ச் பத்திரம் முதலில் நிற்கும். சட்டமும் பொதுவாக அதற்கே முன்னுரிமை தரும். இரண்டு பட்டியலிலும் தகவல் ஒன்றே. ஒன்று உரிமை பிறந்த வரிசை, மற்றது அரசுக்குத் தெரிந்த வரிசை. ஏமாற்றப்பட்ட இரண்டாம் நபர் ஏப்ரலில் வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தாலும் மார்ச் பத்திரம் அதில் தெரிந்திருக்காது. அவரை எந்த வரிசையாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் பிறகு வழக்கு என்று வரும்போது, வழக்கறிஞரும் வங்கியும் கையில் வைத்துக்கொண்டு பேசப்போவது இந்தப் பட்டியலைத்தான்.

பழைய எழுத்தர் இந்த மூன்று தேதிகளின் பொருளையும் தெரிந்தவர். புத்தகம் ஏற்கப்பட்ட வரிசையில் இருக்கிறது என்பதும், உரிமையின் வரிசை வேறாக இருக்கலாம் என்பதும் அவருக்குத் தொழில் அறிவு. இன்று வினவல் எழுதுபவருக்கு முன்னால் இருப்பவை மூன்று கட்டங்களின் பெயர்கள் மட்டும். அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வு லட்சக்கணக்கான சான்றுகளில் ஓடுகிறது. பார்ப்பவருக்கு அப்படி ஒரு தேர்வு நடந்ததே தெரியாது. திரையில் வந்ததால் அது இயற்கையான வரிசை என்று நம்புகிறார்.

மருத்துவமனையில் மாதிரி எடுத்த நாளா, முடிவு வந்த நாளா? வங்கிக் கணக்கில் செலவு செய்த நாளா, வரவு வைத்த நாளா? தேதி வாரியாக அடுக்கிய எந்தப் பட்டியலுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நிலத்தில் அதன் விலை உடனே தெரிகிறது.

கேட்க வேண்டியவை

அன்றைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அன்றைய முறையிலிருந்த இரண்டு நற்பண்புகளை இன்றைய முறைக்குள் கொண்டுவர முடியும். ஒன்று, வரிசை எதனால் வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மற்றொன்று, இரண்டாவது ஆள் சரிபார்த்தார்.

ஆகவே, பொதுமக்களுக்குப் பட்டியல் தரும் எந்த அலுவலகமும், எந்த நிறுவனமும் இவற்றைச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். எந்தத் தேதியை வைத்து அடுக்கியது என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுத வேண்டும். வேறு தேதிகள் இருந்தால் அவற்றை வைத்து மாற்றி அடுக்கிப் பார்க்கவும் வசதி தர வேண்டும். ஒரே தேதியில் பல பதிவுகள் வந்தால் அவற்றுக்குள் முன்பின் எப்படி முடிவாயிற்று என்று சொல்ல வேண்டும். தேதி இல்லாதவற்றை நடுவில் ஒளிக்காமல் தனியாகக் காட்ட வேண்டும். வினவல் எழுதியவர் ஒருவர் என்றால், துறையின் விதிகள் தெரிந்த இன்னொருவர் அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். படிவம் 15இன் இரண்டாம் கையெழுத்துக்கு இன்றைய பொருள் அதுதான்.

வாசிப்பவருக்கும் ஒரு வேலை உண்டு. வில்லங்கச் சான்று கைக்கு வந்ததும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்த்து மடித்து வைக்க வேண்டாம். ஒவ்வொரு பதிவிலும் மூன்று தேதிகளையும் பாருங்கள். அவை வேறுபடும் இடத்தில் நின்று காரணம் கேளுங்கள். முந்தைய ஆவண எண் கொடுத்திருந்தால், அந்த எண் பட்டியலில் மேலே இருக்கிறதா என்று ஒட்டிப் பாருங்கள். தேதிகளின் வரிசையும் பத்திரங்களின் சங்கிலியும் ஒன்றையொன்று உறுதிப்படுத்த வேண்டும். எங்கே பிசகுகிறதோ அங்கேதான் வழக்கறிஞரின் உதவி தேவை.

முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. புத்தகம் கண்முன் இருந்த நாளில், அந்த உரிமைக்குள் வரிசையைப் பார்க்கும் உரிமையும் அடங்கியிருந்தது. பக்க எண்ணே சாட்சி. புத்தகம் கணினிக்குள் போன பிறகும் அந்த உரிமை குறையக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பட்டியலைத் தருபவர் எந்தத் தேதியின் வரிசை என்பதையும் சேர்த்துத் தரக் கடமைப்பட்டவர். அதைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை நாம்தான் தொடங்க வேண்டும்.